எலிக்கு நின்ற நடுக்கம் எனக்கு எப்போது நிற்கும்?

கேள்வி: எனக்கு வயது 57. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இரண்டு கைகளும் நடுங்குகின்றன. மடியில் வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. பேனாவைப் பிடித்தால், டம்ளரைத் தூக்கினால் ஆரம்பித்துவிடும். போன மாதம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் என் காசோலையையே திருப்பிவிட்டார்கள். என் அப்பா ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. அவருக்கும் இதே நடுக்கம். கொஞ்சம் சாராயம் உள்ளே போனால் கை நின்றுவிடும், உட்கார்ந்து கணக்கு எழுதுவார். குடித்துக் குடித்துத்தான் கை நடுங்குகிறது என்று ஊரே பேசியது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கும் என் மகள் (வயது 21), சிரிஞ்சில் மருந்து ஏற்றும்போது விரல் ஆடுகிறது என்கிறாள்.

மரபணு மாற்றிய எலிகளுக்குக் கை நடுக்கம் குணமாகிவிட்டது என்று ஒரு துணுக்கு படித்தேன். வெட்டி இணைத்திருக்கிறேன். எலியின் நடுக்கமும் என் நடுக்கமும் ஒன்றா? அந்த மருந்து எப்போது வரும்? அதுவரை மாத்திரை போடாமல் காத்திருக்கலாமா? மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம், அதற்கு முன் மரபணு டெஸ்ட் எடுத்துவிடலாமா? கடைசியாக, என் மனைவி கேட்கச் சொன்னது: நம் கைக்காக அந்த எலிகளை ஆட்டிவைப்பது பாவம் இல்லையா?

வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

துணுக்குக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசிவிடலாம்.

கை நடுக்கத்தோடு வருகிறவர்களிடம் நரம்பியல் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெண்களிடமும் வயதானவர்களிடமும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்போம். "எப்போதாவது மது சாப்பிட்டால் நடுக்கம் குறைகிறதா?" ஆமாம் என்று பதில் வந்தால் எங்கள் மனதில் ஒரு பெயர் ஓடும்: எசென்ஷியல் ட்ரெமர். இந்த நடுக்கம் உள்ளவர்களில் பலருக்கு, கொஞ்சம் மது உள்ளே போனதும் கை அடங்கிவிடும். போதை இறங்கியதும் நடுக்கம் திரும்பி வரும், சிலருக்கு முன்பைவிட அதிகமாக. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வரும் நடுக்கம் இதிலிருந்து வேறு. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அப்பா, மகன், பேத்தி என்று மூன்று தலைமுறை, இரண்டு கைகளிலும், சும்மா இருக்கையில் இல்லாமல் வேலை செய்யும்போது மட்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், அவர் குடித்ததால் நடுங்கினார் என்பதைவிட நடுங்கியதால் குடித்தார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஊர் சொன்னது தலைகீழ்.

'எசென்ஷியல்' என்றால் 'அவசியமான' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவத்தில் அந்த வார்த்தைக்கு, காரணம் எங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள். கௌரவமாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். 65 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு நாலைந்து பேருக்கு இது இருக்கிறது. நடுக்க நோய்களில் இதுதான் மிகப் பரவலானது. பாதிப் பேருக்காவது குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கும்.

இப்போது எலிக்கு வருகிறேன். உங்கள் அப்பாவைப் போலவே, மது கொடுத்தால் நடுக்கம் நின்றுபோன எலிகள் உண்டு.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் செய்த வேலை அது, 2005-இல் வெளியானது. மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. நரம்பணுக்களை 'போதும், அடங்கு' என்று தட்டிவைப்பது அதன் வேலை. அந்தக் காபா வந்து ஒட்டும் வாங்கியில் ஆல்ஃபா-1 என்று ஒரு துண்டு உண்டு. அதைச் செய்யும் மரபணுவைப் பிறப்பிலேயே நீக்கிய எலிகளை அவர்கள் வளர்த்தார்கள். அந்த எலிகள் அசையும்போதும் ஒரு நிலையில் நிற்கும்போதும் நடுங்கின. நமக்குத் தரும் ப்ரோப்ரனலால், பிரிமிடோன், காபாபென்டின் மூன்றையும் கொடுத்தார்கள், நடுக்கம் குறைந்தது. மயக்கம் தராத அளவு மது கொடுத்தார்கள், நடுக்கமே நின்றது. படித்துவிட்டு நாங்கள் பலரும் ஆஹா என்றோம். மனிதரின் நடுக்கத்தை அப்படியே எலியில் கொண்டுவந்துவிட்டார்களே!

அடுத்த வேலை எதுவாக இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். இதே மரபணு, எசென்ஷியல் ட்ரெமர் உள்ள மனிதக் குடும்பங்களில் பழுதாகியிருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. அதைவிட வேடிக்கை, அந்த மரபணுவில் மாற்றம் உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வருவது வலிப்பு. எலியைப் பார்த்துச் செய்த கணக்கு மனிதரிடம் வந்ததும் மாறிவிட்டது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதிலேயே பாதி வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, எலி ஆய்வுக்கூடம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் வெளிநாட்டில் அப்படி ஓர் இடத்தில் இரண்டரை வருஷம் இருந்திருக்கிறேன்.

செய்தித்தாளில் எலி என்று போட்டாலும் பெரும்பாலும் அது சுண்டெலி. வெள்ளையாகக்கூட இருக்காது, அதிகம் பயன்படும் இனம் கறுப்பு. 25 கிராம் எடை, மூன்று வாரக் கர்ப்பம், இரண்டு மாதத்தில் குட்டி போடத் தயார், ஆயுள் இரண்டு மூன்று வருஷம். ஒரு மரபணுவைக் குறிவைத்து எலியில் முடக்கும் முறை 1980-களின் இறுதியில் கைவந்தது. அதற்காக கப்பெச்சி, இவான்ஸ், ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்ததும் வருஷக்கணக்கில் இழுத்த வேலை மாதக்கணக்கில் முடிய ஆரம்பித்தது. இதில் மூன்று வகை வேலை இருக்கிறது. ஒன்று, மரபணுவை நீக்குவது. இரண்டு, வெளியிலிருந்து ஒன்றைச் சேர்ப்பது. மூன்றாவது, மனித நோயாளியிடம் இருக்கும் அதே எழுத்துப்பிழையை எலியின் மரபணுவில் அதே இடத்தில் எழுதுவது. மூன்றாவதுதான் மிக நேர்மையான சோதனை, அதே சமயம் அடிக்கடி நம்மை ஏமாற்றுவதும் அதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில், ஓர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு "இது நடுங்குகிறது, மாற்றம் ஏறியிருக்கிறது" என்று பெருமையாக நோட்டில் எழுதினேன். மேலே ஏசி காற்று நேராக மேசையில் விழுந்துகொண்டிருந்தது. குளிரில் நடுங்கிய சாதாரண எலி அது. கூட இருந்தவர்கள் அதைச் சொல்லியே ஒரு மாதம் சிரித்தார்கள். அதனால்தான் கண்ணை நம்பாமல் கருவியை நம்புவார்கள். அசைவை அளக்கும் சென்சார் பொருத்திய சின்னப் பெட்டிக்குள் எலியை விட்டு, வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்று கணக்கெடுப்பார்கள். எந்த எலி மாற்றப்பட்டது, எது சாதாரணம் என்று அளப்பவருக்குச் சொல்ல மாட்டார்கள். மனிதக் கை இந்த நோயில் வினாடிக்கு 4 முதல் 12 தடவை வரை ஆடும். நான் சொல்லும் எலிகளில் அது 15, 20 என்று போகும். வேகமே வேறு.

சரி, வேகமும் வேறு, மரபணுவும் வேறு என்றால் எலி எதற்கு? சிறுமூளைக்காக. நம் பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளையின் கம்பி இணைப்பும் எலியின் சிறுமூளை இணைப்பும் அடிப்படையில் ஒரே வரைபடம். அதில் புர்கின்ஜி என்ற நரம்பணு, பனையோலை விசிறி போலத் தட்டையாகக் கிளை விரித்து நிற்கும். மூளைத்தண்டில் ஆலிவ் காய் வடிவத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதற்குப் பெயரே ஆலிவ்தான். அங்கிருந்து கிளம்பும் இழைகள், பந்தலில் அவரைக்கொடி ஏறுவது போல அந்த விசிறியில் ஏறும். பிறந்த புதிதில் ஒரு புர்கின்ஜி அணுவில் பல கொடிகள் ஏறியிருக்கும். வளர வளர மற்றவை கழிந்து ஒன்றே ஒன்று மிஞ்சும். தோட்டக்காரர் பாஷையில் கவாத்து.

நீங்கள் அனுப்பிய துணுக்கில் ஊரோ பெயரோ இல்லை. ஆனால் மரபணு மாற்றி நடுக்கம் நிறுத்திய எலி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2020-இல் வெளியான ஓர் ஆய்வு. தைவானிலும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் உள்ளவர்கள் சேர்ந்து செய்தது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது, காரணம் அவர்கள் எலியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. எசென்ஷியல் ட்ரெமரோடு வாழ்ந்து இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்தச் சிறுமூளைகளில் கொடிகள் இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டிப் படர்ந்திருந்தன. கவாத்துக்குத் தேவையான ஒரு புரதம், ஜிஎல்யூ-ஆர் டெல்டா 2 என்று பெயர், குறைந்திருந்தது. பிறகுதான் அதே புரதம் குறைந்த எலிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றிலும் கொடிகள் தாறுமாறாகப் படர்ந்திருந்தன. எலிகள் நடுங்கின, வினாடிக்குச் சுமார் 20.

அதோடு விடவில்லை. ஒரு வைரஸை வண்டியாக வைத்து, குறைந்த புரதத்தைச் சிறுமூளைக்குள் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நடுக்கம் அடங்கியது. வேறு எலிகளில் அந்தக் கொடிகளின் செயலை ஒவ்வொரு கட்டத்திலும் தடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அடங்கியது. பிறகு எந்தக் கோளாறும் இல்லாத எலிகளில், ஒளிக்கு எதிர்வினை காட்டும்படி செய்த புர்கின்ஜி அணுக்களை ஒளி பாய்ச்சி ஒரே தாளத்தில் அடிக்கவைத்தார்கள். நல்ல எலி நடுங்கியது. ஆக, படர்ந்த கொடி ஒரு தாளத்தைக் கிளப்புகிறது, அந்தத் தாளம் மட்டும் இருந்தால்கூடப் போதும், நடுக்கம் வரும். கடைசியில் மனிதர்களிடமே திரும்பி வந்து, நடுக்கம் உள்ளவர்களின் பின்னந்தலையில் மின்முனை ஒட்டி அந்தத் தாளம் சிறுமூளையில் கேட்கிறதா என்று பார்த்தார்கள். கேட்டது.

துணுக்கில் வந்த 'குணமானது' என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி வேலை. அதை மருந்து என்று படித்தால் தவறு. சிறுமூளைக்குள் ஊசி வழியாக வைரஸ் ஏற்றுவதும் மூளையில் ஒளி பாய்ச்சுவதும் காரணத்தை நிரூபிக்கும் வழிகள். ஃபியூஸ் போனது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்ப்பாரே, அப்படி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புரதத்தின் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதான மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறு வயதிலேயே நடை தள்ளாடுகிறது. உங்களுக்கு வந்திருப்பது போன்ற நடுக்கம் அந்த நோயின் முகம் இல்லை.

மனிதரின் பிழையை அப்படியே எலியில் எழுதினால் ஏமாற்றம் என்றேன் இல்லையா, அதற்கு ஒரு கதை. அமெரிக்காவில் ரேண்டி ஹேகர்மன் என்ற குழந்தை மருத்துவர், ஃப்ரஜைல் எக்ஸ் என்ற பரம்பரை அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பார்த்துவந்தார். அழைத்து வந்த அம்மாக்கள் பேச்சுவாக்கில் தங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னார்கள். கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது. ஒரு அம்மா சொன்னால் சரி. பலர் சொன்னபோது அவரும் கணவர் பால் ஹேகர்மனும் அந்தத் தாத்தாக்களைப் பரிசோதித்தார்கள். 2001-இல் அது தனி நோயாக எழுதப்பட்டது. எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 மரபணுவின் தொடக்கத்தில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அது 200-ஐத் தாண்டினால் பேரனுக்கு வரும் ஃப்ரஜைல் எக்ஸ், 55-க்கும் 200-க்கும் இடையில் நின்றால் வயதான காலத்தில் தாத்தாவுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வரக்கூடும். இப்படி உள்ள ஆண்களில் 50 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு வருகிறது.

நெதர்லாந்தில் ராட்டர்டாமில் இந்த நீண்ட சி-ஜி-ஜி தொடரை, சுமார் 100 தடவை வரும்படி, எலியின் மரபணுவில் பொருத்தினார்கள். தாத்தாக்களின் மூளையில் நரம்பணுக்களின் உட்கருவில் தெரிந்த அதே உருண்டைகள் எலி மூளையிலும் வந்தன. மூளையைப் பார்த்தால் நோய் அப்படியே இருக்கிறது. எலியைப் பார்த்தால் தாத்தாவின் நடுக்கம் இல்லை. பார்க்கின்சன் நோயிலும் இதே கதைதான். பார்க்கின், பிங்க்1 என்ற மரபணுக்கள் பழுதானால் மனிதருக்கு இளம் வயதிலேயே பார்க்கின்சன் வருகிறது. அவற்றை நீக்கிய எலி பெரும்பாலும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அந்த ஃப்ரஜைல் எக்ஸ் எலிகள் வீணா? இல்லை. பிறகு வந்த ஓர் எலியில் இந்த மரபணுத் தொடருக்கு ஒரு சுவிட்ச் வைத்தார்கள். குடிநீரில் டாக்சிசைக்ளின் கலந்தால் தொடர் வேலை செய்யும், நிறுத்தினால் அணைந்துவிடும். (ஆமாம், நம் ஊரில் எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கிறோமே, அதே டாக்சிசைக்ளின்தான். எலிக்கும் இந்த மாத்திரைக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு.) சீக்கிரமே அணைத்துவிட்டால் சேதம் நிற்கிறது, கொஞ்சம் திரும்பவும் செய்கிறது என்று காட்டினார்கள். வயதான தாத்தாவிடம் கேட்கவே முடியாத கேள்வி அது.

மரபணு வெட்டுவதற்கெல்லாம் முன்பே, தானாக நடுங்கிய எலிகளும் உண்டு. எடின்பரோவில் ஃபால்கனர் என்பவர் 1951-இல் தன் கூண்டில் பிறந்த ஒரு நடுங்கும் எலி வகையைப் பற்றி எழுதினார். பெயரே 'ட்ரெம்ப்ளர்'. 40 வருஷம் கழித்து, 1990-களின் தொடக்கத்தில், அதன் பழுது பிஎம்பி22 என்ற மரபணுவில் என்று தெரிந்தது. மனிதரில் அதே மரபணு பழுதானால் ஷார்கோ-மேரி-டூத் நோய். பாதம் வளைந்து, காலில் வலு குறையும். எலிக்கு நடுக்கம், மனிதருக்குக் கால். ஜப்பானில் 'ஃபுருஏ' என்று ஓர் எலி உண்டு, ஜப்பானிய மொழியில் நடுக்கம் என்றுதான் பொருள். அதன் பழுது டெனியூரின்-4 மரபணுவில். 2015-இல் ஸ்பெயினில் எசென்ஷியல் ட்ரெமர் குடும்பங்கள் சிலவற்றில் அதே மரபணுவில் மாற்றம் கண்டார்கள். பிடித்துவிட்டோம் என்று நினைத்தோம். கனடாவிலும் சீனாவிலும் தேடியவர்களுக்கு அந்த அளவு உறுதி கிடைக்கவில்லை.

மருந்து எப்போது வரும் என்று கேட்டீர்கள். ஜோசியம் சொல்வதைவிட, ஏற்கெனவே நடந்த ஒரு பயணத்தைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஹர்மலா என்ற செடியின் விதையில் ஹர்மலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. சாதாரண எலிக்கு அதைச் செலுத்தினால் சில நிமிஷத்தில் நடுங்கும், நான் சொன்ன ஆலிவ் முடிச்சைத் தூண்டிவிடுவதால். 2010-இல் கொரியாவில், நரம்பணுவுக்குள் கால்சியத்தை விடும் டி-வகை வாயில் ஒன்றின் மரபணுவை நீக்கிய எலிகளுக்கு ஹர்மலின் செலுத்திப் பார்த்தார்கள். அவை நடுங்கவில்லை. அந்த வாயிலை அடைக்கும் மருந்துகளை மனிதரிடம் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று, சுவெகால்டமைட், 2024-இல் மருத்துவச் சோதனையில் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. இன்னொன்று, யுலிக்சகால்டமைட், மூன்றாம் கட்டச் சோதனையில் பலன் காட்டியதாக அதைத் தயாரிக்கும் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. எலியிலிருந்து அந்த அறிவிப்புக்கு 15 வருஷம். இது வழக்கத்தைவிட மெதுவும் இல்லை. அங்கே அனுமதி வாங்கி, இங்கே வந்து, உங்கள் ஊர் மருந்துக் கடையில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைப்பது வேறு பயணம்.

ஆகவே காத்திருக்க வேண்டாம். இன்று கையில் இருக்கும் இரண்டு முக்கிய மாத்திரைகளுமே எலியிலிருந்து வந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிமிடோன் வலிப்புக்கான மாத்திரை. வலிப்போடு நடுக்கமும் இருந்த ஒருவருக்கு அதைக் கொடுத்தபோது கையும் அடங்கியதைக் கவனித்து 1981-இல் எழுதினார்கள். ப்ரோப்ரனலால் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வந்தது, நடுக்கத்துக்கும் கேட்டது. இரண்டில் எதுவானாலும் பாதிப் பேருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. நடுக்கம் முழுக்க மறையாது, ஏறத்தாழ பாதியாகக் குறையும். செக் எழுதும் கைக்கு அந்தப் பாதியே பெரிய விஷயம். ஆஸ்துமா இருந்தாலோ, நாடித்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருந்தாலோ ப்ரோப்ரனலால் கூடாது, மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிரிமிடோனின் முதல் சில டோஸ்களில் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம், அதனால் மிகக் குறைவாக, இரவில் ஆரம்பிப்பார்கள். எதையும் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மாத்திரைக்கு அடங்காத கடும் நடுக்கத்துக்கு மூளையில் மின்முனை வைக்கும் சிகிச்சை இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இப்போது அது தேவைப்படும் என்று தோன்றவில்லை. அப்பாவின் வைத்தியம் வேண்டவே வேண்டாம். நடுக்கத்துக்கு என்று ஆரம்பித்து வேறு நோயோடு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறோம்.

மகள் விஷயத்தில் எனக்கு உங்களைவிட அவசரம் அதிகம், ஆனால் வேறு காரணத்துக்காக. 40 வயதுக்குள் கை நடுக்கம் என்றால், குடும்பத்தில் எத்தனை பேருக்கு இருந்தாலும், வில்சன் நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மேலே பேச வேண்டும். உடலில் தாமிரம் சேர்ந்து கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும் பரம்பரை நோய் அது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் வரும், அதனால் சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறோம். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, கண் மருத்துவர் கருவி வைத்துக் கருவிழி ஓரத்தைப் பார்ப்பது, இவ்வளவுதான். அநேகமாக இருக்காது. இருந்தால், ஆரம்பத்திலேயே மாத்திரை கொடுத்துக் காப்பாற்றக்கூடிய நோயை விட்டுவிடக் கூடாது இல்லையா? கூடவே தைராய்டு பார்த்துவிடுங்கள். நைட் டியூட்டிக்காக எத்தனை காபி குடிக்கிறாள், மூச்சுத்திணறலுக்கு இன்ஹேலர் எடுக்கிறாளா என்றும் கேளுங்கள். இரண்டுமே விரலை ஆட்டும்.

மரபணு டெஸ்ட் பற்றி: எசென்ஷியல் ட்ரெமருக்கு 'இருக்கிறது, இல்லை' என்று சொல்லும் மரபணு டெஸ்ட் இன்று கிடையாது. மேலே நான் சொன்ன எலிக் கதைகளெல்லாம் ஏன் இத்தனை முட்டுச்சந்தில் போய் நிற்கின்றன என்பதற்கு இதுவும் காரணம். மனிதரிடம் குற்றவாளி மரபணு யார் என்று இன்னும் பிடிபடவில்லை, பலர் சேர்ந்து செய்வதாகவே தோன்றுகிறது. பிடிபடாததை எலியில் எப்படி எழுதுவது? யாராவது பெரிய பேக்கேஜ் டெஸ்ட் என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். இரண்டு சூழலில் மட்டும் நானே டெஸ்ட் எழுதுவேன். உங்கள் சகோதரிகளின் பிள்ளைகளில் யாருக்காவது அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ இருந்து, குடும்பத்தில் வயதான ஆண்களுக்கு நடுக்கத்தோடு நடையும் தள்ளாடினால், ஹேகர்மன் தம்பதி கண்ட நோயைத் தேடலாம். நடுக்கத்தில் ஆரம்பித்துத் தள்ளாட்டமாக மாறும் எஸ்சிஏ12 என்ற இன்னொன்று இந்தியாவில் இருக்கிறது. அது பெரும்பாலும் வட இந்திய அகர்வால் சமூகத்துக் குடும்பங்களில் காணப்படுவது, நீங்கள் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

வரன் வீட்டில் என்ன சொல்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. என் சொந்தக் கருத்து: மறைக்காதீர்கள், பெரிய நோயாக விளக்கவும் செய்யாதீர்கள். "எங்கள் குடும்பத்தில் கை கொஞ்சம் நடுங்கும், தாத்தாவுக்கும் இருந்தது" என்றால் போதும். மகளுக்கும் இதே நடுக்கம்தான் என்று உறுதியானால், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வரை வாய்ப்பு இருக்கலாம் என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள்தான் நர்சிங் படிக்கிறாளே, உங்களைவிட நிதானமாகவே எடுத்துக்கொள்வாள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு மருந்தை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரியும். லேசான நடுக்கத்தோடு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களையே எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவியின் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். அந்த எலிகள் கஷ்டப்படுகின்றன. நடுக்கம் அதிகமான எலிக்கு மேலே தொங்கும் தீவனத்தை எட்ட முடியாது. தரையில் நனைத்து வைப்போம். ஆய்வு முடிந்ததும் மூளையைப் பார்க்க வேண்டும், அதற்கு எலி சாக வேண்டும். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வோம், ஆனாலும் செய்வோம். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்று ஒரு மத்தியக் குழு இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைத் தொட முடியாது. எலி இல்லாமல் முடியுமா, குறைந்த எண்ணிக்கையில் முடியுமா, வலியைக் குறைக்க முடியுமா என்று மூன்று கேள்விக்குப் பதில் எழுதித்தர வேண்டும். ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1959-இல் வகுத்த கேள்விகள் அவை. இத்தனைக்குப் பிறகும் பாவமா என்றால், நான் அந்த வேலையை விட்டு நோயாளிகளிடம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த எலிகளால் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இன்று உங்களுக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்கள் மனைவியிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

வங்கிக்குப் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்து ஒன்று கொடுத்துவிடுங்கள். முழுப் பெயரை வளைத்து வளைத்துப் போடாமல், சின்னதாக, நடுங்கினாலும் மாறாத ஒன்றாக. கொஞ்சம் கனமான பேனா சிலருக்கு உதவுகிறது. நரம்பியல் மருத்துவர் கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரு சுருள் வரையச் சொல்வார், இரண்டு கையாலும். சும்மா வைத்திருக்கும்போதே கை நடுங்குவது, ஒரு பக்கம் மட்டும் நடுங்குவது, எழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டே போவது, நடை மெதுவாவது, இதில் எது இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள், அது பார்க்கின்சன் பக்கம் போகும் வேறு திசை.

போகும்போது ஒன்று எடுத்துப் போங்கள். மில்லில் அப்பா எழுதிய கணக்கு நோட்டுகள் பரணில் ஏதாவது மிச்சம் இருந்தால், வருஷ வாரியாக இரண்டு மூன்று. எந்த வருஷத்தில் எழுத்து ஆட ஆரம்பித்தது என்பதைப் பக்கத்தைப் புரட்டியே சொல்லிவிடலாம். அப்போது அவருக்கு என்ன வயது, குடி எப்போது தொடங்கியது என்று உங்கள் அம்மாவோ அத்தையோ இருந்தால் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள்.